ஐம்பத்திரண்டு பாகை

இறந்தவனுக்கும் எனக்கும் ஒரே உயரம்.
அதுதான் என் தகுதி.
நீதிமன்ற வண்டி ஓட்டுகிறவன் நான்.
நேற்று மாலை டாக்டர் நியேவெஸ் அராவெனா
சுவரோரம் நிறுத்தி அளந்தாள்:
நூற்று அறுபத்தேழு.
"நாளைக்கு நீதான் இல்தெஃபோன்சோ" என்றாள்.

கலேத்தா பார்தா துறைமுகச் சதுக்கம்.
மீன் வண்டிகள் வருமுன்
கயிறு கட்டி மறித்தாயிற்று.
கடற்காகங்கள் அதை மதிக்கவில்லை.

தொண்ணூற்றெட்டு வருஷத்துக்கு முன்,
வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் நாள்,
இங்கே வெடித்தது ஒரே ஒரு குண்டு.
லெப்டினன்ட் எழுதிய அறிக்கை இரண்டு வரி:
மூட்டைக் கொக்கியை ஓங்கிப் பாய்ந்தான்.
நேருக்கு நேர் சுட நேர்ந்தது.

போன மாதம் தோண்டி எடுத்த எலும்பு
வேறு சொல்கிறது.
முதுகுப் பக்கத்து விலாவில் ஒரு துளை,
வெளியே சிறியது, உள்ளே விரிந்தது.
குண்டு போகும் திசையில்தான் எலும்பு சிதறுமாம்.
பின்னால் நுழைந்து, இடது காறை எலும்பை உடைத்து
வெளியேறியிருக்கிறது.
கீழிருந்து மேலே.

"சுட்டவன் தரைக்குள்ளா இருந்தான்?"
கேட்டுவிட்டேன்.
டாக்டர் சிரிக்கவில்லை.
"தரை அங்கேயேதான் இருக்கிறது. நீ மாறு."

என்னை ஓடச் சொன்னாள்.
ஓடினேன், புகைப்படம் எடுத்தார்கள்.
ஓடுகிற உடம்பு பதினைந்து பாகை சாயும்,
அதற்கு மேல் சாய்ந்தால் மூக்கு உடையும்.
போதவில்லை.
மண்டியிடச் சொன்னாள்.
நூல் கல்தொட்டிக்கு மிகத் தாழ்ந்து போனது.
போதவில்லை என்பதைவிட, மிஞ்சியது.

பிறகு சட்டை.
தொழிற்சங்கத்தின் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் கோட்டு,
அதே அளவில் தைத்த நகல் என் மேல்.
உள்சட்டையில் ஓட்டை இருக்கும் இடத்துக்கு
நாலு விரற்கடை கீழே கோட்டின் ஓட்டை.
இரண்டு ஓட்டை, ஒரு குண்டு.
நிமிர்ந்து நிற்கும்வரை
அவை ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

"குனி. இன்னும். கைகளை முன்னால் நீட்டு."

கோட்டு முதுகில் ஏறியது.
ஓட்டை ஓட்டையைத் தேடிப் போய் நின்றது.
டாக்டர் சிவப்புக் கம்பளி நூலைக் கோத்து இழுத்தாள்,
என் இடுப்புக்கு மேலிருந்து
கழுத்தோரமாக,
குதிரைகளுக்கு நீர் வைக்கும் கல்தொட்டியின்
அந்தப் பக்க விளிம்பு வரை.
அங்கே பாசிக்கு அடியில்
கட்டைவிரல் புதையும் ஒரு குழி.
தரையிலிருந்து எண்பத்து நாலு சென்டிமீட்டர்.

யாரோ கோண அளவி வைத்துப் படித்தார்கள்:
ஐம்பத்திரண்டு.

இப்போது தொட்டியில் தண்ணீர் இல்லை,
நகராட்சி ஜெரேனியம் நட்டிருக்கிறது.
முகத்துக்கு அருகே அதன் கசப்பு வாசனை.
நீட்டிய கைகள் இரண்டும்
என்னைக் கேட்காமலே
சேர்ந்து குழிந்திருந்தன.

டாக்டர் அதைப் பார்த்தாள்.
எழுதிக்கொள்ளவில்லை.

வக்கீல் கேட்டான்: ஒளிய முயன்றிருக்கலாமே?
இருக்கலாம்.
கொக்கி கீழே விழுந்து, அதை எடுக்க?
இருக்கலாம்.
தொப்பி?
"முதுகின் சாய்வை நான் எழுதித் தருவேன்,
கைகளில் என்ன இருந்தது என்பதை நூல் சொல்லாது.
முகம் எந்தப் பக்கம் இருந்தது என்பதைச் சொல்லும்.
உங்களிடம் அல்ல."

அது ஜனவரி மாதம். மதியம் பன்னிரண்டரை.
அதுவும் கோப்பில் இருக்கிறது,
வெயில் என்ற சொல் மட்டும் இல்லை.

கயிற்றுக்கு வெளியே மீன்காரி ஒருத்தி கத்தினாள்,
ஐஸ் உருகுகிறது, எப்போது விடுவீர்கள் என்று.
நூலைச் சுற்றத் தொடங்கினார்கள்.
என்னை யாரும் நிமிரச் சொல்லவில்லை,
இடுப்பு வலி பிடித்துக்கொண்டது.

"டாக்டர்," என்றேன் செடிகளைப் பார்த்தபடி,
"முதல் வாய் குடித்திருப்பானா?"

நூல் கண்டு அவள் கையில் நின்றது.
பிறகு மறுபடி சுற்றினாள்.